உயிரோடு கணக்கிடல்: வேளாண், உயிரியல் பொறியியலைப் பயிற்றுவித்தல்



பல்கலைக்கழகத்தில் வேளாண்மையையும் உயிரியலையும் பொறியியலோடு இணைத்துப் பயிற்றுவோர் நாங்கள். அப்பாடத்தை எவ்வாறு கற்பிக்கிறோம், எங்கே தவறினோம் என்பவற்றை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறோம். மொழிக்கென அமைந்த இவ்வவையில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். உரையின் இறுதியில் அதற்கு விடை கூறுவோம்.

அமெரிக்காவில் வேளாண் பொறியாளர்கள் 1907-ஆம் ஆண்டில் தமக்கெனக் கழகம் ஒன்றை நிறுவினர். 2005-இல் அக்கழகம் தன் பெயரில் 'உயிரியல்' என்னும் சொல்லையும் சேர்த்துக்கொண்டது. கலப்பை, வாய்க்கால், களஞ்சியம் என்றிருந்த பாடம் நொதி, நுண்ணுயிர், பழத்தின் சுவாசம் என விரிந்ததை அது காட்டுகிறது. நம் நாட்டில், செர்டாங்கில் 1931-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் 1971-இல் வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று; 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. பெயரிலிருந்து வேளாண்மை நீங்கியதேயன்றிப் பாடத்திலிருந்து நீங்கவில்லை.

இத்துறையின் அடிப்படைச் சிக்கல் ஒன்றே. இரும்புத் தூண் நேற்றிருந்தவாறே இன்றும் இருக்கும். அறுவடையான நெல்லோ மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். உயிருள்ள பொருளைக் கணக்கில் அடக்குவது எப்படி என்பதே நாங்கள் கற்பிக்க முயல்வது.

முதலாண்டு மாணவர்களிடம் ஓர் எளிய வினாவைக் கேட்போம். 24 விழுக்காடு ஈரப்பதமுள்ள 100 கிலோ நெல்லை 14 விழுக்காட்டுக்கு உலர்த்த எவ்வளவு நீரை நீக்க வேண்டும்? பலரும் உடனே '10 கிலோ' என்பர். அது பிழை. 100 கிலோவில் நீர் போக எஞ்சிய 76 கிலோ மாறாதது. உலர்ந்த நெல்லில் அந்த 76 கிலோவே 86 விழுக்காடாக அமைய வேண்டும். ஆகவே இறுதி எடை ஏறத்தாழ 88.4 கிலோ, நீக்க வேண்டிய நீர் 11.6 கிலோ. 1.6 கிலோ வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். 1,000 டன் நெல்லுக்கு அதுவே 16 டன் நீர். அதை நீக்க எரிபொருளும் நேரமும் வேண்டும்.

கணக்குச் சரியானவுடன் மாணவர் அடுத்த பிழைக்குச் செல்வர். விரைவாக முடிக்க வெப்பத்தைக் கூட்டுவர். அவ்வாறு செய்தால் மணியின் புறப்பகுதி உலர்ந்து சுருங்கும். உட்பகுதி ஈரமாகவே இருக்கும். மணியில் விரிசல் விழும். ஆலையில் அரிசி நொறுங்கும். ஆதலால் சிறிது நேரம் உலர்த்தி, பின்னர் ஆறவிட்டு, உள்ளீரம் வெளியே பரவியபின் மீண்டும் உலர்த்துகின்றனர். விதைநெல்லாயின் மிகுவெப்பத்தால் முளைக்கும் ஆற்றலே அழியும். சமன்பாடு பிழையற்றதாக இருந்தும் விதை இறந்துவிடலாம் என்பதை மாணவர் அன்று உணர்கின்றனர்.

இரண்டாவது பாடம் செம்பனை பற்றியது. செம்பனைப் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் கருவியொன்றை வடிவமைக்குமாறு பணிப்போம். மாணவர் ஊதுகுழல், நீண்ட கோல், வானூர்தி எனப் பலவும் வரைந்து வருவர். வரைந்து முடித்தபின் வரலாற்றைச் சொல்வோம். தீபகற்பத் தோட்டங்களில் ஒரு காலத்தில் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவினர். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனைச் சேர்ந்த சிறு கூன்வண்டு ஒன்று இங்கு விடப்பட்டது. அது அவ்வேலையைத் தானே செய்தது. குலைகளில் காய்கள் பெருகின. பருப்பும் பெருகியதால் ஆலைகளில் பருப்பைப் பிரிக்கும் பகுதிகளையே விரிவாக்க வேண்டியதாயிற்று. எல்லாச் சிக்கலுக்கும் இயந்திரம் விடையன்று. உயிரில் நிகழும் மாற்றம் இயந்திரத்தையும் மாற்றும்.

மூன்றாவது பாடம் பால்மரம். இதில் கற்றுக்கொண்டவர்கள் நாங்களே.

'வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்திருப்பது ஏன்?' என்று ஒருமுறை வகுப்பில் கேட்டோம். அமைதி நிலவியது. கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருவர் தயங்கியவாறு, "அப்படி வெட்டினால்தான் பால் நிறைய வரும் என்று எங்கள் பாட்டி சொல்வார்" என்றார். சிலர் சிரித்தனர். நாங்களும், 'அறிவியல் காரணம் என்ன?' என்று கேட்டுவிட்டு அடுத்தவரிடம் சென்றோம். அம்மாணவி அந்தப் பருவம் முழுவதும் மீண்டும் கைதூக்கவில்லை.

பாட்டி சொன்னது முழு உண்மை. பட்டையிலுள்ள பால்நாளங்கள் நேராக மேலேறுவதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. எனவே இடமுயர்ந்த கோடு மிகுதியான நாளங்களை வெட்டுகிறது. விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் மரம் சிறிதளவு நீரையே இழப்பதால் நாளங்களில் விறைப்பழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது குறையும். உளி கேம்பியத்தைத் தொட்டால் பட்டை சீராக வளராது. அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னர் உளியை நிறுத்த வேண்டும். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் 1888 முதல் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லிதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அம்முறையை விளக்கொளியில், நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செயற்படுத்தியவை தோட்டத் தொழிலாளர்களின் கைகள். அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர்.

அதன்பின் எங்கள் பாடமுறையை மாற்றினோம். வீட்டிலோ ஊரிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் செய்த தொழிலைக் கேட்டறிந்து, அதன் காரணத்தைப் பொறியியலால் விளக்கும் பணியை ஒவ்வொரு மாணவர்க்கும் அளிக்கிறோம். வகுப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். கேட்டறிவது வீட்டுமொழியில் நடக்கும். உளி, மங்கு, ஒட்டுப்பால் ஆகியவை கொச்சைச் சொற்களல்ல, துல்லியமான தொழிற்சொற்கள். மொழியவையில் இவ்வுரைக்கு உள்ள இடம் இதுவே. அச்சொற்களைக் கேட்கத் தெரியாத பொறியாளர், அவற்றுள் இருக்கும் அறிவையும் இழப்பார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 'படிக்காவிட்டால் பால்மரம் வெட்டத்தான் போவாய்' என்று மாணவரை அச்சுறுத்தும் வழக்கம் நம்மிடையே இருந்தது; இன்றும் முற்றிலும் மறையவில்லை. வறுமையிலிருந்து மீள வேண்டும் என்னும் தவிப்பே அதற்குக் காரணம் என்பதை அறிவோம். ஆயினும் அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, தன் பாட்டி அறிந்ததைச் சொல்லவும் கூசும். மாணவச் செல்வங்களே, இத்துறை மதிப்பெண் குறைந்தோர் ஒதுங்கும் இடமன்று. உண்ணும் சோற்றையும் அதை விளைவித்த கைகளையும் ஒருசேர மதிக்கும் அறிவுத்துறை இது.

அந்த மாணவியிடம் அன்று நாங்கள் கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்றே: "பாட்டி வேறென்ன சொல்வார்?" இனி வரும் வகுப்புகளில் அவ்வினாவை நாம் அனைவரும் கேட்போம்.