பாயில் அமர்ந்த காமிரா

வெளியூர் புறப்படும் முதிய தம்பதியர் இருவர் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். காற்றடைக்கும் தலையணை ஒன்றைக் காணவில்லை. உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் கணவர். என்னிடம் இல்லை என்கிறாள் மனைவி; நீ நன்றாகத் தேடு என்கிறார் அவர். கடைசியில் அது அவருடைய சாமான்களுக்குள்ளேயே அகப்படுகிறது. அகப்பட்டுவிட்டது என்று அவர் சொல்ல, அப்படியா என்று அவள் கேட்டுக்கொள்வதோடு விவகாரம் முடிந்துவிடுகிறது.

ஜப்பானிய டைரக்டர் யாசுஜிரோ ஓஸு 1953-ஆம் ஆண்டில் எடுத்த ‘டோக்கியோ கதை’ என்னும் கறுப்பு வெள்ளைப் படம் இத்தகைய அற்ப சம்பவத்தோடுதான் ஆரம்பமாகிறது. ஒருவர் மீது ஒருவர் குறை சொல்லவும், அந்தக் குறை பொய்யென்று தெரிந்தபின் அதைப் பாராட்டாமல் விட்டுவிடவும் இருவர் பழகுவதற்கு எத்தனை வருஷத் தாம்பத்தியம் வேண்டுமென்பதை அந்தத் தலையணையே நமக்குத் தெரிவித்துவிடுகிறது. கணவராக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை என்றால் நம்புவது கடினம். எழுபதை நெருங்கிய ஒருவரின் முதுகுதான் அது.

ஒனோமிச்சி என்னும் கடலோரப் பட்டணத்திலிருந்து, டோக்கியோவில் வாழும் பிள்ளைகளைக் காண அவர்கள் ரயிலேறுகிறார்கள். மூத்த மகன் நகரத்தின் ஓரத்தில் சிறிய வைத்தியசாலை நடத்துகிறான். மகள் ஷிகே தன் வீட்டிலேயே பெண்களுக்கான சிகை அலங்கார நிலையம் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிப் பார்க்க எல்லோரும் உடுத்தித் தயாராக நிற்கையில் ஒரு நோயாளிக் குழந்தைக்காக வைத்தியர் போகவேண்டி வருகிறது; பயணம் நின்றுபோகிறது. பாட்டி இளைய பேரனை வெளியே அழைத்துச் சென்று, நீ பெரியவனாகி என்ன ஆவாய், அப்பாவைப் போல் டாக்டரா, அப்போது இந்தப் பாட்டி இருப்பாளா என்று கேட்கிறாள். குழந்தையோ புல்லைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருக்கிறான். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அங்கே யாருமில்லை.

பிறகு பிள்ளைகள் பணம் போட்டு, பெற்றோரை அட்டாமி என்னும் வெந்நீர் ஊற்றுத் தலத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். இரவெல்லாம் அங்கே விடுதியில் பாட்டும் கூச்சலும். உறக்கமின்றி அவர்கள் மறுநாளே திரும்பிவிட, மகள் வீட்டில் அன்று தொழில் நண்பர்களின் கூட்டம். தங்குவதற்கு இடமில்லாத இருவரும் உவேனோ பூங்காவருகே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ஓஸுவின் காமிராவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பாய் விரித்த தரையில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் கண்மட்டத்துக்கும் சற்றுத் தாழ்வாக அதை வைத்துவிட்டு, அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய சம்பிரதாயம். வீட்டுக்கு வந்த விருந்தாளி கூடத்தில் அமர்ந்து, எழுந்து நடமாடாமல், யாரையும் விசாரணை செய்யாமல் கவனிப்பது போன்றது அந்தப் பார்வை. அபூர்வமாக அது நகரும் இடங்களுள் ஒன்று, சுவரோரமாக மெல்ல நகர்ந்து இந்தக் கிழத் தம்பதியரிடம் வந்து சேரும் இடம். கூரை இல்லாத இடத்துக்கு அவர்களைத் தேடிக்கொண்டு அதுவும் வெளியே வந்ததாகவே எனக்குத் தோன்றும்.

நன்றி கெட்ட பிள்ளைகளின் கதை என்று இதைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. நான் அதற்கு உடன்படவில்லை. ஒனோமிச்சிக்குத் திரும்பிய தாய் நோயுற்றாளென்று தந்தி வந்ததும், துக்க உடையை எடுத்துக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறவள் ஷிகேதான். தாய் இறந்தவுடன் விம்மி விம்மி அழுகிறவளும் அவளே. சாப்பாட்டு வேளையில், அம்மாவின் உடைகளில் இன்னதை ஞாபகார்த்தமாக எனக்குக் கொடுங்கள் என்று கேட்கிறவளும் அவளேதான். அந்தக் கண்ணீர் பொய்யென்று யார் சொல்லமுடியும்?

போரில் மாண்ட இன்னொரு மகனின் விதவை நோரிகோவை எல்லோரும் புகழ்கிறார்கள். ஆபீஸில் லீவு கேட்டு மாமனாருக்கும் மாமியாருக்கும் ஊரைச் சுற்றிக்காட்டியவள் அவள். தன் ஒற்றை அறையில், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மதுவால் மாமனாரை உபசரித்தவளும் அவள். நோரிகோவாக நடித்த செட்ஸுகோ ஹாராவின் மலர்ந்த முகம் அவ்வளவையும் இயல்பாக்குகிறது. ஆனால் அந்திமக் கிரியைகள் முடிந்து பிள்ளைகள் புறப்பட்டுப் போனபின், நீதான் எங்களுக்கு எல்லோரையும்விட நன்மை செய்தாய் என்று மாமனார் சொல்லுகையில், அவள் அந்தப் புகழை ஏற்க மறுக்கிறாள். தானும் சுயநலக்காரியே என்றும், கணவரை நினையாமலே கழியும் நாட்கள் தனக்கும் உண்டென்றும் சொல்லி அழுகிறாள். மறதி ஷிகேவின் வீட்டில் மட்டும் குடியிருக்கவில்லை என்பதை, குற்றமற்றவளென்று நாம் முடிவு செய்துவிட்ட ஒருத்தியின் வாயாலேயே ஓஸு நமக்குச் சொல்லிவிடுகிறார். கிழவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை; இறந்தவள் இளமை முதல் வைத்திருந்த சிறிய கடிகாரத்தை அவள் கையில் கொடுத்து, மறுமணம் செய்துகொள் என்கிறார். டோக்கியோ செல்லும் ரயிலில் அவள் அதை எடுத்துத் திறந்து பார்க்கும் அந்தச் சில விநாடிகளுக்கு வசனம் தேவைப்படவில்லை.

வீட்டில் கிழவர் விசிறியோடு தனித்து அமர்ந்திருக்கிறார். புறப்பட்ட நாளில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து வாழ்த்திய அதே அண்டைவீட்டு அம்மாள் இன்றும் வந்து குசலம் விசாரிக்கிறாள். பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் குறைவாகச் சொல்லவில்லை. இப்படி ஆகுமென்று தெரிந்திருந்தால், அவள் உயிரோடிருக்கையில் இன்னும் பரிவாக நடந்திருப்பேன் என்கிறார். தனியே இருந்தால் பகல் நீண்டுபோகிறது என்றும் சொல்கிறார். அந்த அம்மாள் போய்விடுகிறாள். தலையணையை இருவரும் சேர்ந்து தேடிய அதே கூடம். கீழே கடலில் ஒரு படகு டுப்பு டுப்பென்ற சப்தத்தோடு போய்க்கொண்டிருக்கிறது.