குளிர்காலம் இல்லாத ஊரில் பூனையும் நாயும்



நம் மலேசிய ஊரான பாசிர் கூடாங் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்றரை டிகிரியில் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரம், இரவும் பன்னிரண்டு மணி நேரம். நமக்கு இது ஒரு செய்தியே இல்லை. பெண் பூனைக்கு இதுதான் பெரிய செய்தி. பூனை எப்போது பருவத்துக்கு வரவேண்டும் என்பதைப் பகல் வெளிச்சம்தான் முடிவு செய்கிறது. குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அதற்கு ஓய்வு உண்டு, இங்கே கிடையாது. நாலைந்து மாதக் குட்டியே சினையாகிவிடலாம். சுமப்பது ஒன்பது வாரம். குட்டிகள் பால் மறப்பதற்குள் அடுத்த சினையும் பிடித்துவிடலாம். தாமான் குடியிருப்பின் கடைகளுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் குட்டிகள் கத்துவது ஏன் ஓய்வதில்லை என்பது இப்போது புரியும்.

இதற்கு வழி கருத்தடை அறுவை. அண்டை வீட்டு மலாய்க்காரர் ‘கெம்பிரி’ என்பார். பெண்ணுக்குச் சினைப்பையை, பெரும்பாலும் கருப்பையோடு சேர்த்து எடுப்பார்கள். ஆணுக்கு விரைகளை எடுப்பார்கள். முழு மயக்கத்தில் செய்வதால் அறுக்கும்போது வலி தெரியாது. இதனால் இனப்பெருக்க ஹார்மோன் நின்றுபோகிறது. அந்த ஹார்மோனால் வருவது குறையும். அதனால் வராதது அப்படியே இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் நோய். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டலாம். ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒரு நாய்க்குப் பத்து வயதுக்குள் இது வந்திருந்தது. பருவம் முடிந்த ஓரிரு மாதத்தில் நாய் சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கி, ஓயாமல் தண்ணீர் குடித்தால் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், தாமதித்தால் உயிர் போகும். பூனைக்கு வரும் மார்புக்கட்டி பெரும்பாலும் புற்றுநோய்தான். ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கருத்தடை செய்த ஆண் நாய்க்கு விரைப் புற்று வராது, வயதான காலத்தில் புராஸ்டேட் வீக்கமும் தொல்லை தராது.

‘பாவம், ஒரு ஈத்தாவது போடட்டுமே’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு முறை ஈன்றால் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை.

அடுத்தது குணம். கடுவன் பூனை சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சுவது, இரவெல்லாம் ஊர் சுற்றுவது, சண்டையிட்டுக் காது கிழிந்து வருவது எல்லாம் பெருமளவு குறையும். ஆனால் பட்டாசுக்கு நடுங்கும் நாய் நடுங்கத்தான் செய்யும். தபால்காரரைப் பார்த்துக் குரைப்பதும் பயத்தில் கடிப்பதும் அறுவையால் தீராது. அதற்குப் பழக்கித் திருத்துவதுதான் வழி. இயல்பிலேயே பயந்த நாய்க்குப் பயம் கூடுவதும் உண்டு.

பாதகங்களையும் சொல்லவேண்டும். அறுவைக்குப் பின் உடம்புக்குத் தேவையான உணவு குறைகிறது, பசியோ கூடுகிறது. பழைய அளவிலேயே சோறு போட்டால் பெருத்துவிடும். சில பெண் நாய்களுக்குப் பின்னாளில் மூத்திரம் தானாகக் கசியும். ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களுக்கு மிகச் சிறு வயதில் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது. அவற்றுக்கு உரிய வயதை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

தெரு நாய்கள் விஷயத்தில் நம் தமிழ் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. நாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று சென்னையின் ப்ளூ கிராஸ் அமைப்பு 1964-இல் யோசனை சொன்னது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்தபின், நாயைப் பிடித்த தெருவிலேயே விடுவதுதான் அந்த முறை. பிற்பாடு இந்தியா முழுவதற்கும் அதுவே விதியானது.

உங்கள் வீட்டில் நான்கு மாதக் குட்டி இருந்தால் இந்த வாரமே கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். அறுவைக்கு முன் எவ்வளவு நேரம் பட்டினி போடவேண்டும், தையலை நக்காமல் எப்படித் தடுப்பது, உணவை எவ்வளவு குறைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண் பூனையானால் இன்னொன்று: அறுவை முடிந்தும் சில வாரங்கள் அதனால் பெண் பூனையைச் சினையாக்க முடியும். அதுவரை இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள்.