வீட்டுக் குளிரூட்டி ஓய்ந்தால்



கனடாவின் ரொறன்ரோ நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழ்கின்றனர். மக்களைப் பார்க்க அங்குச் சென்று திரும்பும் பெற்றோர் பெரும்பாலும் பனியைப் பற்றியே கதை கொண்டு வருவர். யூலை மாதத்து வெக்கையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டி, காற்றின் ஈரமும் அதனோடு கூடும் நாள்கள் அங்கும் உண்டு. குளிரைத் தடுப்பதற்கென்றே இறுக மூடிக் கட்டப்பட்ட வீடுகள் அந்நாள்களில் அடுப்பேற்றிய பானை போலாகிவிடும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவர்; பகல் முழுதும் வீட்டிலிருப்பவர்கள் முதியவர்களே. 2021 ஆம் ஆண்டு யூன் இறுதியில் அதே நாட்டின் மேற்குப் புறத்திலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வீசிய வெப்ப அலையில் 619 பேர் இறந்தனர் என்று அம்மாகாணத்து மரண விசாரணை அதிகாரிகள் கணக்கிட்டுள்ளனர். இறந்தோருட் பெரும்பாலோர் முதியவர்கள்; ஏறத்தாழ அனைவரும் வெயிலில் அன்றி, கூரையின் கீழிருந்தே இறந்தவர்கள். ஆதலின், வீட்டுக் குளிரூட்டி திடீரென ஓய்ந்துவிட்டால் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

அவ்வீடுகளில் அறைக்கொரு குளிரூட்டி வைப்பதில்லை. வீடு முழுமைக்கும் ஒன்றே. நிலக்கீழ் அறையில், நம்மவர் பேஸ்மென்ட் என்று சொல்லும் இடத்தில், மாரிக்காலத்துக்கென ஒரு வெப்பமூட்டும் உலை நிற்கும். அதன் தலைமேல் குளிரூட்டியின் சுருட்குழாய் அமர்ந்திருக்கும். உலையிலுள்ள விசிறியே கோடையில் அச்சுருளினூடாகக் காற்றைத் தள்ளித் தகரக் குழாய்கள் வழியே அறைதோறும் அனுப்புகிறது. கம்பிரசர் பொருத்திய பெட்டி வீட்டுக்கு வெளியே நிற்கும். இப்பொறி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தையும் ஈரத்தையும் வாரி வெளியே கொட்டுவதே அதன் தொழில். 1902 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளினில் வில்லிஸ் கேரியர் என்னும் பொறியியலாளர் இதனை முதன்முதல் வகுத்தது மனிதர் சுகத்துக்காகவுமன்று. ஈரத்தால் விரிந்து சுருங்கிய அச்சகத்துத் தாள்களுக்காக! வெப்பமும் ஈரமும் ஒருங்கே அகல வேண்டும் என்பதை நினைவில் வைத்தால், பின்னர்ச் சொல்லப் போவன எளிதில் விளங்கும்.

வீடு குளிரவில்லையெனின் முதலில் மூன்றைக் கவனியுங்கள். காற்றுத் துவாரங்களில் காற்று வருகிறதா? வரும் காற்றுக் குளிர்ந்ததா? வெளிப்பெட்டி ஓடுகிறதா? காற்று வந்தும் குளிர் இல்லை, வெளிப்பெட்டியும் ஓடவில்லை எனின், பெரும்பாலும் மின்சாரமே காரணம். உள்விசிறிக்கு ஒரு பிரேக்கரும் வெளிப்பெட்டிக்கு வேறொரு பிரேக்கரும் இருப்பதால், ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்கும். விழுந்த பிரேக்கரை ஒருமுறை தூக்கிவிடலாம். மீண்டும் விழுந்தால் விட்டுவிடுங்கள். காரணமின்றி அது விழுவதில்லை. நிறுத்திய பொறியை உடனே ஓடவிடாமல் ஐந்து நிமிடமேனும் பொறுத்தல் வேண்டும். குழாய்களில் அமுக்கம் சமப்படாத நிலையில் கம்பிரசரைத் தூண்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும்.

சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். அதன் பற்றரி தீர்ந்திருக்கலாம். விசிறிக்குரிய ஆளியை ‘ஓட்டோ’ என்னும் நிலையில் விடாது ‘ஒன்’ என்னும் நிலையில் யாரேனும் வைத்திருக்கவுங் கூடும். அப்பொழுது கம்பிரசர் ஓய்ந்த வேளையிலும் விசிறி சுழன்று, சுருளில் தங்கிய நீரை மீண்டும் ஆவியாக்கி வீட்டுக்குள்ளேயே அனுப்பும். குளிர் இருந்தும் புழுக்கம் நீங்காத வீடுகள் பலவற்றில் குற்றம் இவ்வளவே.

இனி, பனிக்கட்டி. குளிரூட்டி பனி படர்ந்து நின்றால், ‘நன்றாகக் குளிர்கிறது’ என்று மகிழ்வோரும் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. சுருட்குழாய் வழக்கமாக உறைநிலைக்குச் சற்று மேலேயே நிற்கும். அதன்மேற் செல்லும் வீட்டுக் காற்றின் வெப்பமே அதனை அந்நிலையில் வைத்திருக்கிறது. காற்றுக் குறைந்தால் சுருளின் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கும். வழியும் நீர் உறையும். உறைந்த பனி எஞ்சிய காற்றையும் மறிக்கும். சில மணி நேரத்தில் வீட்டுக்கு வரும் காற்று முற்றாக நின்றுவிடும். காற்று குறையக் காரணம் என்ன? பெரும்பாலும் வடிகட்டி. பஞ்சும் தூசும் செறிந்த வடிகட்டியை மாற்றுவதற்குக் கைத்தொழில் அறிவு எதுவும் வேண்டா. அம்புக்குறி உலையை நோக்கியிருத்தல் ஒன்றே விதி. ஓர் அங்குல வடிகட்டியாயின் கோடையில் மாதந்தோறும் வெளியே எடுத்துப் பார்ப்பது நன்று. விலை கூடியது சிறந்தது என்றெண்ணி மிக நெருக்கமான வடிகட்டியை வாங்கிச் செருகுவோர், தம் பணத்தாலேயே காற்றை அடைக்கின்றனர். ஆளில்லாத அறைகளின் துவாரங்களை மூடி மின்கட்டணம் மிச்சம் பிடிப்பதும் அவ்வகையினதே. ஒன்றிரண்டு மூடினாற் கெடுதியில்லை. பாதி வீட்டை மூடினால் பனிக்கட்டி வரும்.

பனி படர்ந்த பொறியைக் கத்தியாற் சுரண்டுதல் கூடவே கூடாது. தெர்மோஸ்டாட்டிற் குளிர்ப்பை நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். பனி உருகச் சில மணி நேரம் செல்லும். சிலவேளை ஒரு பகலும் ஆகும். நிலக்கீழ் அறையிலே தண்ணீர் பெருகுமாதலின் தரையில் துணி விரித்து வையுங்கள். வடிகட்டி புதிது, துவாரங்கள் திறந்தவை, இருந்தும் மறுபடி பனி படர்கிறதெனின், குளிரூட்டும் வாயு குறைந்திருக்கக் கூடும்.

அவ்வாயுவைப் பற்றி ஒரு சொல். அது விளக்கெண்ணெய் போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாயினுள் ஆண்டாண்டாகச் சுற்றி வருவது. குறைந்திருக்குமாயின் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் வாயு நிரப்பிப் பணம் வாங்கும் திருத்துநரை நான் நம்பேன். உங்கள் பொறி ஆர் 22 என்னும் பழைய வாயுவில் ஓடுவதாயின், அதைப் புதிதாக உற்பத்தி செய்வதும் இறக்குமதி செய்வதும் ஓசோன் படலத்தைக் காக்கும் ஒப்பந்தத்தின்படி 2020 ஆம் ஆண்டில் அந்நாட்டில் நிறுத்தப்பட்டன. மீதியிருப்பதன் விலையைக் கேட்டபின், கசிவை அடைப்பதா, பொறியை மாற்றுவதா என்று கணக்குப் பாருங்கள். எவ்வாறாயினும் அவ்வாயுவைத் தொடுதற்கு உரிய சான்றிதழ் பெற்றவரே தொடலாம்.

வெளிப்பெட்டி ‘உம்’ என்று முனகியும் அதன் விசிறி சுழலாதிருப்பின், தொடக்க விசை தரும் கொள்ளளவி பழுதுற்றிருக்கும். விலை குறைந்த சிறு பாகந்தான்; ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் தன்னுள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். பெட்டியைத் திறவாது, நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள். பெட்டியின் புறத்தகடுகளில் அழுக்கோ, யூன் மாதத்தில் அந்நகரெங்கும் பறக்கும் மரப்பஞ்சோ அப்பியிருந்தால், மின்சாரத்தை நிறுத்தியபின் தோட்டக் குழாய் நீரால் மெல்லக் கழுவலாம். நீர் வெளியேறும் குழாயிற் பாசி அடைத்தும் சில வீடுகளில் பொறி தானே நின்றுவிடும். அடைப்பை நீக்கினால் ஓடும்.

திருத்துநர் அன்றே வருவார் என்பதற்கு உறுதியில்லை. வெப்ப அலை நாள்களில் அவர்களுக்கு அழைப்பு மிகுதி. அதுவரை வெயில் படும் பக்கத்துத் திரைகளை மூடி, முதியவர்களை நிலக்கீழ் அறைக்கு இறக்குங்கள். வீட்டில் அதுவே மிகக் குளிர்ந்த இடம். அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை எட்டிவிட்டால் மின்விசிறியை மட்டும் நம்பியிருத்தலாகாது; ஈரத்துணியால் உடலைத் துடைத்து, தாகமில்லை என்று சொன்னாலும் நீர் பருகக் கொடுங்கள். வேலைத்தலத்திலிருந்து தொலைபேசியில் அழைக்கும் மகனோ மகளோ, ‘அம்மா, வீடு குளிர்கிறதா?’ என்று மட்டும் கேளாது, தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்பது நன்று. வருத்தம் கொடாமல் இருக்க, ‘பரவாயில்லை, மோனை’ என்று சொல்லிவிடுவது நம் தாய்மாரின் இயல்பு. பேச்சுக் குழறினாலோ, சொன்னதற்குப் பொருந்தாத விடை வந்தாலோ, திருத்துநரையன்று, 911 என்னும் அவசர எண்ணையே முதலில் அழைத்தல் வேண்டும்.