தாராவிக்கு அருகே ஒரு கானகம்



மும்பையிலும் குளிர்காலம் உண்டு என்றால் தில்லியில் வாழும் தமிழன்பர்கள் நகைக்கக்கூடும். கம்பளிக்கும் கணப்புக்கும் இங்கே வேலையில்லை. ஆயினும் டிசம்பர் பிறந்ததும் விடியற்காலையில் மெல்லியதொரு தண்மை இறங்குகிறது. மராத்தியர் அதனைக் 'குலாபி தண்டி', அதாவது ரோஜா நிறக் குளிர், என்பர். குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்வதற்கு ஏற்ற காலம் அதுவே. எங்கே செல்வது என்றுதான் பலரும் மலைக்கிறோம். தாராவியில் வாழும் நம்மவருக்கோ வாயிற்படியிலேயே ஒரு கானகம் இருக்கிறது.

சயான்–பாந்திரா இணைப்புச் சாலையில், தாராவி பஸ் டிப்போவை அடுத்து, மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கர் பரப்பில் அமைந்திருப்பது மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. 1977ஆம் ஆண்டு வரை அவ்விடம் மாநகரின் குப்பை கொட்டும் நிலமாக இருந்தது. பின்னர்க் குப்பையின் மீது மண்ணைப் பரப்பி, 1983இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களின் முன்னிலையில் மரக்கன்றுகளை நடத் தொடங்கினர். 1994இல் பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பூச்செடிகளை வரிசையாக நட்டுக் கத்தரித்துவிட்ட பூங்கா அன்று இது. மரங்கள் தம் போக்கில் அடர்ந்திருக்கின்றன. உதிர்ந்த சருகு அங்கேயே மக்கி மண்ணாகிறது. ஆற்றுப் பக்கத்தில் அலையாத்தி மரங்களைக் காணலாம். காற்றோட்டமற்ற சேற்றில் வேர்கள் மூச்சுவிட இயலாமையால், விரல் விரலாக மேல்நோக்கி எழுந்து நிற்கின்றன. பிச்சாவரம் கண்டவர்களுக்கு இது புதிதன்று. ஆறு இன்னும் நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. சில வேளைகளில் நாற்றமும் வரும். அதை மறைப்பானேன்?

இத்தகைய இடங்களில் குளிர்காலத்து விடுமுறை நாட்களில் பறவை காணும் நடை, மரமறியும் நடை, பட்டாம்பூச்சிகளைக் காட்டும் நடை எனக் குடும்பங்களுக்கென நிகழ்ச்சிகள் நடைபெறுவதுண்டு. 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இவற்றை நடத்தி வருகிறது. வழிகாட்டிகள் பேசுவது மராத்தி, இந்தி அல்லது ஆங்கிலம். ஆகவே நம் வீட்டு முதியோர், "உங்களுக்குத்தான் அதெல்லாம், போய் வாருங்கள்" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். நம் கருத்தில், முதலில் அழைத்துச் செல்லவேண்டியவர்கள் அவர்களே.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடித் தாராவிக்கு வந்தவர்கள் பலர். மரத்தையும் புள்ளையும் பெயர் சொல்லி அழைத்து வளர்ந்த தலைமுறை அது. வழிகாட்டி 'கரஞ்ச்' என்று காட்டுவது நம் புங்கு. அதன் எண்ணெய் விளக்கெரித்ததைத் தாத்தா சொல்வார். 'பளஸ்' என்பது புரசு; சென்னையின் புரசைவாக்கத்துக்கு அம்மரமே பெயர் தந்தது என்பர். புதரடியில் செம்பழுப்பு இறகோடு நடந்து செல்லும் 'பாரத்வாஜ்', நம் செம்போத்து. அதைக் காண்பது நற்சகுனம் என்று மராத்தியர் மகிழ்வர். மூன்றாவதாகிய தமிழ்ப் பெயரை வழிகாட்டி அறியார், பள்ளிக்கூடமும் கற்பியாது. பாட்டனும் பாட்டியும் சொல்லாவிட்டால், மும்பையில் பிறந்த பேரனுக்கு அது கிட்டப்போவதில்லை. ஞாயிறுதோறும் அரிச்சுவடியைக் கையில் கொடுத்துத் தமிழ் கற்பிக்கிறோம், நல்லதே. ஆனால் பொருள் கண்முன் நிற்கையில் கேட்ட சொல் எளிதில் மறப்பதில்லை. மாதுங்காப் பூக்கடைகளில் மல்லிகையை முழக்கணக்கில் மட்டுமே கண்ட குழந்தைக்கு, அதன் கொடியைக் காட்டுவதே ஒரு பாடம்.

குளிர்காலத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வரும் பறவைகள் அப்போது வந்து சேர்கின்றன. மஞ்சள் நிற மாங்குயில் வருகிறது. பெயரில் குயில் இருப்பினும் அது குயிலினமன்று. வாலை ஓயாது ஆட்டிக்கொண்டு தரையில் ஓடும் வாலாட்டிக் குருவி வருகிறது. பறவைகள் பருவந்தோறும் வடக்கும் தெற்கும் செல்வதை நம் புலவர் என்றோ கண்டிருந்தனர். சத்திமுத்தப் புலவர், வறுமையில் ஊரைப் பிரிந்திருந்தபோது மனைவிக்குத் தூது விட்டது செங்கால் நாரையைத்தானே? குமரியிலிருந்து வடக்கே திரும்பும் வழியில் தம்மூர்க் குளத்தில் தங்கிச் செல்லுமாறு அதனை வேண்டுகிறார். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அப்பாட்டின் பொருளை விளக்கத் தேவையில்லை.

அந்த நாரை வேறு, மும்பைக்குக் கூட்டங்கூட்டமாக வரும் பூநாரை வேறு. பூநாரைகள் பெரும்பாலும் கச்சுப் பகுதியிலிருந்து வருகின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திப் பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டி உண்ணும். அவ்வுணவில் உள்ள நிறப்பொருளே இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. தானே கழியில் இவற்றுக்கென 2015இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் அது ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. செம்பூரில் இருப்பவர்களுக்கு ஐரோலி தொலைவன்று. அங்குள்ள கடலோர உயிரின மையத்திலிருந்து படகில் சென்று காணலாம். கழியின் நீரேற்றத்தைப் பொறுத்தே படகு விடுவதால், நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும். தாராவிப் பூங்காவுக்கோ வெயில் ஏறுமுன் செல்வது நலம். பளிச்சென்ற ஆடையைத் தவிர்த்து, பேச்சைக் குறைத்து, குடிநீரோடு செல்க. பெரியவர்கள் உடன்வந்தால் குழுவின் பின்னால் மெதுவாக நடக்கலாம். செம்போத்து பெரும்பாலும் ஆரவாரம் அடங்கிய பிறகே புதரைவிட்டு வெளியே வருகிறது.