பச்சைத்தோல் செருப்பாகாது!

(தலைப்பு: இசையில் சிறக்கப் பெரிதும் தேவை பிறவி ஆர்வமா, இடைவிடாப் பயிற்சியா? ‘பயிற்சியே’ அணியில், ஆம்பூர் மேடையில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, “ஆர்வம் பிறவியிலேயே இருக்கணும், இல்லாதவனுக்கு எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தாலும் வராது” என்றார். அம்மா, இதை எந்த ஊரில் வந்து சொல்கிறீர்கள்? தோல் பதனிடுகிற ஊரில்! உரித்த தோலை உப்புப் போடாமல் விட்டால் என்ன ஆகும்? மறுநாள் தெருவே மூக்கைப் பிடிக்கும். (சிரிப்பு) உப்பில் கிடந்து, தண்ணீரில் ஊறி, சுண்ணாம்பில் முடி உதிர்ந்து, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாறோ குரோமோ ஏறி, காய்ந்து, மெருகேறி வந்தால்தான் அது ஷூ. ஆர்வம் பச்சைத்தோல் ஐயா! பயிற்சிதான் பதனிடுவது. ஆர்வமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோல் இல்லாமல் டேனரி எதற்கு? ஆனால் பச்சைத்தோலைக் காலில் மாட்டிக்கொண்டு யாராவது கல்யாணத்துக்குப் போவாங்களா?

சகோதரி வேலூர் ராமபத்ரன் பெயரைச் சொன்னார். 1929ல் பிறந்து, 2004ல் சங்கீத கலாநிதி விருது பெற்ற மிருதங்க மேதை. நம்ம வட்டாரத்துப் பெருமை. “அப்பா கோபாலாச்சாரியார் கொன்னக்கோல் வித்வான். பிள்ளைக்கு லயம் ரத்தத்திலேயே வந்தது” என்றார். நான் கேட்கிறேன்: ரத்தம் போதுமென்றால், அந்த அப்பா பிள்ளைக்குப் பாடம் எதற்கு நடத்தினார்? மிருதங்கத்தில் முதல் பாடம் ‘தா, தீ, தொம், நம்’. நாலே சொல். முதலில் மெதுவாக, பிறகு இரண்டு மடங்கு வேகம், பிறகு நாலு மடங்கு. கலைஞர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற வரம் எது? காதில் விழ நல்ல தாளம். தப்பினால் அந்த நிமிஷமே திருத்த ஒரு வாத்தியார். அதுக்குப் பேர் பிறவி இல்லைங்க, பயிற்சி! (கைதட்டல்)

ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் அறிஞரும் அவர் தோழர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993ல் வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்த நேரம் எவ்வளவு? மிகச் சிறந்தவர்களுக்குச் சராசரி 7,410 மணி. அடுத்த நிலையினருக்கு 5,301. இசை ஆசிரியராகப் படித்தவர்களுக்கு 3,420. ஆர்வம் இல்லாமலா இத்தனை பேரும் இசை படிக்க வந்தார்கள்? வித்தியாசம் மணிக்கணக்கில்!

எதிரணியில் அடுத்து வருபவர் எழுந்து, “2014ல் வந்த ஆய்வு, இசைத் திறமையின் வேறுபாட்டில் சுமார் 21 சதவீதத்துக்குத்தான் பயிற்சி காரணம் என்கிறதே” என்பார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதி எல்லாம் பிறவி என்று அந்த ஆய்வு சொன்னதா? இல்லையே! மீதி எதுவாகவும் இருக்கட்டும். பிறப்பை நாம் மாற்ற முடியுமா? நாளைக் காலை ஒரு மணி நேரம் உட்கார முடியும்.

இந்தத் தீர்ப்பு ஏன் முக்கியம் தெரியுமா? இந்த ஊரில் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி, ஷூ தைக்கப் போகிற தாய்மார் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுப் பிள்ளை கீபோர்டு கற்கப் போகும். இரண்டு மாதத்தில் யாரோ, “இதுக்கு வராது” என்பார்கள். அத்தோடு வகுப்பு நின்றுவிடும். பாட்டன் பாடகனில்லை, அப்பன் வித்வானில்லை. ‘பிறவி’ என்று தீர்ப்பு வந்தால், அந்தப் பிள்ளை தொடங்குவதற்கு முன்பே தோற்றுப்போச்சு!

அந்தத் தாயைக் கேட்கிறேன். அம்மா, வேலைக்குச் சேர்ந்த அன்று, “உனக்குப் பிறவியில் தையல் ஆர்வம் உண்டா?” என்று யாராவது கேட்டாங்களா? முதல் நாள் உங்கள் தையல் கோணலாகத்தானே போனது? இன்றைக்கு வளைவில்கூட நூல் பிசகாமல் ஓடுதே, அந்தக் கையை யார் கொடுத்தது? தன் கையைத் தானே பழக்கிய நீங்கள், பிள்ளை கைக்கு மட்டும் வராது என்று நம்பலாமா? (பலத்த கைதட்டல்)

வள்ளுவர் ஊழுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார், உண்மை. அது 38. ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் வைத்தார். அது 62. ஊழை முன்னால் சொன்னவர், முயற்சியைப் பின்னால் சொன்னார். பட்டிமன்றத்தில் பின்னால் பேசுபவர் யார்? நடுவர்! (சிரிப்பு) ஐயா, வள்ளுவர் வழியில் ‘பயிற்சியே’ என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள். நாளைக்கு நின்றுபோன ஒரு கீபோர்டாவது மறுபடி திறக்கட்டும்.