நாம், நாங்கள்: கட்சி நிலைப்பாட்டின் பிடி



கட்சி சார்ந்தோர் தம் கட்சியின் நிலைப்பாட்டை ஏன் அத்துணை இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றனர் என்பது அரசியலறிஞர் ஆராய வேண்டிய வினா எனத் தோன்றலாம். மொழியியலாருக்கும் அதில் பங்குண்டு. தமிழ்நாட்டு வரலாற்றில் நாம் நன்கறிந்த ஒரு நிகழ்விலிருந்து தொடங்குவோம்.

1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் தலையாய கோரிக்கை திராவிட நாடு. ‘அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு’ என்னும் முழக்கம் ஊர்தோறும் ஒலித்தது. அக்கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாது எனக் கூறி 1961இல் ஈ.வெ.கி. சம்பத் கட்சியை விட்டு விலகினார். விலகலுக்கு உட்கட்சிப் பூசலும் காரணமே. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கட்சியை உடைத்தவர் என்னும் பழியே அவருக்கு மிஞ்சியது. இரண்டே ஆண்டுகள் கழித்து, பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்பதற்குத் தடையாக அமைந்த சட்டத்திருத்தத்தை அடுத்து, 1963இல் கழகமே அக்கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கை போயினும் அதற்கான காரணங்கள் அப்படியே உள்ளன என்றார் அண்ணா. தொண்டர்களிற் பெரும்பாலோர் கலையவில்லை. 1967இல் கட்சியை ஆட்சியில் அமர்த்தினர்.

இங்கே ஒரு புதிர் உண்டு. சுடுகாடு வரை செல்லத் துணிந்த உறுதி எவ்வாறு இத்துணை எளிதில் வளைந்தது? தொண்டர்க்குக் கொள்கையே இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. அத்தொண்டனின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். மாலையில் அவன் நாளிதழ் கேட்டது கட்சிப் படிப்பகத்தில். அவன் திருமணத்தை நடத்திவைத்தவர் கட்சிப் பேச்சாளர். பிள்ளைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. வடமொழிப் பெயரை விடுத்துத் தனக்கே தூய தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டவனாகவும் அவன் இருக்கலாம். இத்தகையவன் ஒரு கருத்தைத் தனியே கைவிட்டால், நண்பரை, உறவை, ஏன், தன் பெயரின் பொருளையே இழக்க நேரும். எல்லாரோடும் சேர்ந்து கைவிட்டாலோ ஒன்றையும் இழப்பதில்லை. அவன் கை பற்றியிருந்தது கருத்தை அன்று, மனிதர்களை. ஆகவே 1961இல் காட்டிய இறுக்கமும் 1963இல் காட்டிய நெகிழ்வும் ஒரே பண்பின் இரு தோற்றங்களே.

இது தமிழர்க்கு மட்டும் உரிய இயல்பன்று. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஏழையர்க்கான உதவித் திட்டங்களை மாணவர்க்குக் காட்டினார். திட்டம் தாராளமானதா கண்டிப்பானதா என்பதைவிட, தம் கட்சி அதனை ஆதரிக்கிறது என்னும் செய்தியே அவர்தம் முடிவைப் பெரிதும் தீர்மானித்தது. திட்டத்தின் உள்ளடக்கத்தை எடைபோட்டே முடிவு செய்ததாக அவர்கள் மனமார நம்பியதுதான் வியப்பு. எப்பொருளை எவர் சொல்லக் கேட்டாலும் ஆராய வேண்டும் என்னும் வள்ளுவர் அறிவுரை எத்துணைக் கடினமானது என்பதை இந்த ஆய்வு நமக்கு உணர்த்துகிறது.

இனி மொழிக்கு வருவோம். தமிழ், கேட்போரையும் உட்படுத்தும் ‘நாம்’ என்பதையும், அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்பதையும் வேறுபடுத்துகிறது. மலாய் மொழியில் கித்தா, காமி என்பனவும் இவ்வாறே. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். மேடையில் பேசுபவர் ‘நாம் ஏற்கமாட்டோம்’ என்னும்போது, கேட்பவனிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. அவன் கருத்து அவன் சார்பில் முன்கூட்டியே உரைக்கப்பட்டுவிட்டது. மறுக்க விரும்புபவன் முதலில் அந்த ‘நாம்’ என்பதிலிருந்து வெளியேற வேண்டும். வெளியேறிய கணமே அவன் காதில் விழுவது ‘நாங்கள்’. இலக்கணம் வகுத்தோர் இப்பயன்பாட்டை எண்ணியிருக்கமாட்டார்கள்!

எழுத்தும் இதற்கு விலக்கன்று. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாண்டார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவை பெரும்பாலும் அவ்வியக்க வெளியீடுகளிலேயே வாழ்ந்தன. எழுதுபவர் எந்த அணியினர் என்பதை எழுத்தே காட்டிற்று. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட பதின்மூன்று வடிவங்களை ஆணையாக்கியது. பின்னர் சிங்கப்பூர், மலேசியப் பாடநூல்களும் அவற்றை ஏற்றன. ‘ஐ’ என்பதற்கு ‘அய்’ எழுதும் முறை அவ்வாணையில் இடம்பெறவில்லை. விளைவு என்ன? ‘அய்யா’ என அச்சிட்ட தாளைக் கண்டால், அதில் சொல்லப்பட்டது யாதெனப் படிக்குமுன்பே எழுதியவர் சார்பை இன்றும் ஊகிக்கிறோம். பலர் அத்தோடு தாளை மடித்து வைத்தும் விடுகின்றனர். ‘லை’ என்பதைக் கண்டு எவரும் அவ்வாறு செய்வதில்லை. யானைத் துதிக்கை போல் வளைந்த அதன் பழைய வடிவத்தைப் பாட்டனார் கடிதத்தில் காணும் இந்நாட்டு மாணவர், அச்சுப் பிழையோ என்று நம்மிடம் கேட்கின்றனர்.