பெயரும் எழுத்தும்

ஆஸ்திரிய நாட்டு ஜாஸ் இசைமேதை ஜோசப் சாவினுல் 1932இல் வியன்னாவில் பிறந்தார், 1970இல் 'வெதர் ரிப்போர்ட்' இசைக்குழுவை நிறுவியவர்களுள் ஒருவர், 2007இல் மறைந்தார். அவர் பெயரின் முதலெழுத்தை ஜெர்மானியர் ஒருவிதமாகவும் ஆங்கிலேயர் வேறுவிதமாகவும் ஒலிப்பர். ஆதலின் தமிழில் சாவினுல், ஸாவினுல், ஜாவினுல் எனப் பலவாறு எழுத இடமுண்டு.

இந்நிலை நமக்கும் புதிதன்று. குச்சனூர் அமைந்த இதே தேனி மாவட்டத்தில், பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த ராசையாவை, இசை பயிற்றிய தன்ராஜ் மாஸ்டர் 'ராஜா' என்றழைத்தார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது, ஏ. எம். ராஜா முன்னரே புகழ்பெற்றிருந்தமையால், பஞ்சு அருணாசலம் 'இளைய' என்னும் அடைமொழியைச் சேர்த்தார். தமிழில் இளையராஜா என்பது ஒரே வடிவம். ஆங்கிலத்திலோ லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எழுத்து. அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் அவ்வாறே. ஆகவே அப்பெயர் அங்கே பல வடிவங்களில் வழங்குகின்றது. ஒன்றை மட்டும் தேடும் மாணவன் ஏனையவற்றின்கீழ்ப் பதிவான பாடல்களைத் தவறவிடுவான்.

எனவே, பிறர் பெயரை அவரிடமே கேட்டறிந்து எழுதுங்கள். உங்கள் பெயரைப் பள்ளிச் சான்றிதழ் முதல் கடவுச்சீட்டு வரை ஒரே விதமாக எழுதுங்கள். ஓரெழுத்து மாறினும் ஆள் வேறோ என்னும் ஐயம் எழும். அதனைத் தீர்க்க அலுவலகந்தோறும் அலைய நேரும்.